யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, என் மனம் 1962ஆம் ஆண்டின் பூமிசாத்திர வகுப்பறைக்கே சென்றது. ஆசிரியர் தேசப்படத்தை விரித்து, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தை நேர்கோட்டில் அளக்கப் பணித்தார். கொழும்பு ஏறத்தாழ 190 மைல். சென்னை ஏறத்தாழ 235 மைல். கடலுக்கப்பாலுள்ள நகர், எம் தலைநகரினும் ஏறத்தாழ நாற்பத்தைந்து மைலே கூடிய தூரத்தில் இருப்பது கண்டு வியந்தோம். "எத்தனை மைல் என்பதைப் படம் சொல்லும், எத்தனை மணி என்பதை வழிதான் சொல்லும்" என்றார் ஆசிரியர். அதன் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் தொடக்கிய முதற் சேவையே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குச் சென்றதன்றோ! காலையிற் பலாலியில் ஏறியவர் அன்றே சென்னையில் இருப்பார்.

பிற்காலத்தில் அச்சேவை நின்றது, போரும் மூண்டது. யான் சென்னையில் தொழில் பார்த்துவந்தேன். அன்னையார் ஊரில் இருந்தார். ஊர் வருவதாயின் 400 மைல் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கவேண்டும். சென்னையையும் கட்டுநாயக்காவையும் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்லும். வீட்டைக் கடந்து சென்று, வவுனியாவுக்கு வந்து, கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்து, வீட்டுக்குத் திரும்பவேண்டியிருந்தது.

1993ஆம் ஆண்டு அன்னையார் சிவபதமடைந்தார். யாழ்ப்பாணத்திலே தொலைபேசி இயங்காத காலம். ஊரிலிருந்து கொழும்புக்குச் சென்ற ஒருவர் கையில் எடுத்துச் சென்று தபாலிற் சேர்த்த கடிதம், எழுதப்பட்ட நாற்பதாம் நாள் என்னை அடைந்தது. அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அன்னையாரின் பெறாமகன் ஒருவரே கொள்ளி வைத்தாராம். ஒரே மகனாகிய யான் அன்று அலுவலகத்தில் இருந்திருப்பேன்.

2019 ஒக்டோபரிற் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் நாள் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. அடுத்த சில நாட்களில் யானும் அச்சிறு விமானத்தில் ஏறினேன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பனந்தோப்புகள் கீழே தோன்றின. அருகிலிருந்த இளைஞர் என் கண்ணீரைக் கண்டு, விமானப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என வினவினார். நாற்பது நாளும் ஒன்றரை மணியும் ஒரே 235 மைலுக்குரியவை என்பதை அவருக்கு எவ்வாறு எடுத்துரைப்பேன்?

அச்சேவையும் 2020 மார்ச்சிற் பெருந்தொற்றினால் தடைப்பட்டு, 2022 டிசம்பரிலேயே மீண்டது. திறந்த வழி என்றும் திறந்தே இருக்கும் என்று எண்ணுதல் தவறு. இன்று கல்லூரியிற் பயிலும் இளஞ் சகோதரர்களே, பெற்றோரைக் காணச் செல்வதை அடுத்த விடுமுறைக்கு ஒத்திவையாதீர்கள். வழி உள்ளபோதே சென்று வாருங்கள்.