பெரட்டுக் குழு

விடியுமுன் தப்பு அடித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, அழைத்த காலத்தில் தேயிலைத் தோட்டத்துச் செய்தி ஒரு பக்கமாகத்தான் ஓடியது. தப்புக்குப் பதில் சொல்ல முடியாது. பெரட்டுக் களத்தில் போய் நிற்பதுதான் பதில். இன்று ஹட்டன் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் எந்த மலையில் கொழுந்து, யாருக்கு மருந்தடிப்பு என்பதெல்லாம் முதல்நாள் இரவே வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது.

பதில் சொல்ல வழி பிறந்ததும் வேறொரு தொல்லை. கணக்கப்பிள்ளை “நாளைக்கு ஏழாம் நம்பர் மலை” என்று போட்டால் கீழே வரிசையாக ‘சரிங்க’, ‘ஓகே சேர்’, கும்பிடும் கைகள், நடுவில் யாரோ அனுப்பிய ரோசாப்பூ. பிந்திப் பார்ப்பவர் விஷயத்தைத் தேடி மேலே ஏறவேண்டும். 2022 மே மாதம், நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், செய்தியின் மேலேயே ஒரு கட்டைவிரல் குறியைப் பதிக்கும் வசதி வந்தது. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. கொஞ்ச நாளில் ‘சரிங்க’ எல்லாம் கரைந்தன. மரியாதை குறையவில்லை, இரைச்சல்தான் குறைந்தது.

குரல் பதிவில் செய்த மாற்றங்களைத்தான் நான் அதிகம் மெச்சுவேன். வாசிக்கச் சிரமப்படும் பெரியம்மாமார் அதில்தான் பேசுகிறார்கள். போனைக் காதருகே கொண்டுபோனால் சத்தம் அடங்கிக் காதுக்குள் மட்டும் கேட்கும். ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீடு இருக்கும் லயத்தில் இது சின்ன விஷயமா? அதே 2022இல், பேச்சை நடுவில் நிறுத்தித் தொடரவும், கேட்டு விட்ட இடத்திலிருந்து மீண்டும் கேட்கவும் வழிசெய்தார்கள். கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டால் ஓடவேண்டியவருக்கு அது போதும். புது நிறம், புதுப் பொத்தான் என்று கடை விரிக்காமல், காலில் தைத்த முள்ளை மட்டும் எடுத்துவிட்டுப் போனது போன்ற வேலை.

2014இல் வந்த நீலக் குறியோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. தனிச் செய்தியில் அதை மறைக்கலாம், குழுவில் முடியாது. யார் பார்த்தார்கள் என்பது செய்தி போட்டவருக்குத் தெரிந்துவிடும். தப்புக் காலத்தில் ‘காதில் விழவில்லை’ என்று சொல்லவாவது இடம் இருந்தது.

2023 முதல், போட்ட செய்தியைக் கால்மணி நேரத்துக்குள் திருத்தலாம். நல்ல வசதிதான். ஆனால் திருத்தத்துக்கு மணி அடிக்காது. ஏழாம் நம்பர் ஒன்பதானது, முதலில் பார்த்துவிட்டுப் படுத்தவருக்குத் தெரியவராது. எங்கள் கணக்கப்பிள்ளை திருத்துவதே இல்லை. புதிதாக ஒன்று போட்டுவிட்டு, கங்காணிக்கும் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுகிறார்.