மணியோசையும் யானையும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம் முன்னோர் வாக்கு. வேலை தேடிச் செல்லும் பட்டதாரிக்கு முன்னும் ஒரு மணியோசை செல்கிறது. அதுதான் அவர் படித்த கல்லூரியின் பெயர். இதை நான் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. என் அக்காவின் கண்ணீரில் கண்டு அறிந்தேன்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்கள் பெற்றாள். சென்னையில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவோ நூற்பாலைத் தொழிலாளி. விடுதிக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்த அன்றே அந்த ஆசை முடிந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் 40 நிமிடத் தொலைவில் உள்ள ஒரு சிறிய மகளிர் கல்லூரியில் வணிகவியல் படித்து, வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினாள்.

முதல் நேர்முகத் தேர்வுக்கு அப்பாவே அழைத்துச் சென்றார். சான்றிதழ்களைப் புரட்டிய அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது?" என்பதுதானாம். அக்கா விளக்கினாள். இரண்டாவது கேள்வி வரவே இல்லை. "தகவல் அனுப்புகிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் பொங்கியது. தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்கெல்லாம் பல்கலைக்கழகம் ஒரே வினாத்தாளைத்தானே தருகிறது? பட்டம் வழங்குவதும் அதே பல்கலைக்கழகம்தானே? பிறகு ஏன் இந்த வேறுபாடு? அப்பாவிடம் கேட்டேன்.

"கடைக்குப் போனால் முன்பின் தெரியாத தேயிலைத் தூளை உன் அம்மா வாங்குகிறாளா? நூறு விண்ணப்பங்களைப் பார்க்கிறவருக்கும் அப்படித்தான் அம்மா" என்றார்.

சிந்தித்துப் பார்த்தேன். புகழ்பெற்ற கல்லூரிகளுக்கு நிறுவனங்களே தேடி வந்து வளாகத் தேர்வு நடத்துகின்றன. அங்கே படித்த முன்னாள் மாணவர்கள் உயர் பதவிகளில் அமர்ந்து, பின்னால் வருவோருக்கு வழி சொல்கிறார்கள். மத்திய அரசு 2016ஆம் ஆண்டு முதல் வெளியிடும் தேசியத் தரவரிசையில்கூட, ஒரு நிறுவனத்தைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள மதிப்பிற்கென்றே 100க்கு 10 மதிப்பெண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். பெயருக்கும் மதிப்பெண்!

ஆனால் அந்தப் பெயர்கள் பிறக்கும்போதே பெரியவையாக இருந்தனவா? சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி 1947இல் 32 மாணவியருடன்தான் தொடங்கியது. அந்த 32 பேரிடமும் யாராவது, "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்க மாட்டார்களா? திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1954இல் இயற்பியல் முடித்துச் சென்ற அப்துல் கலாம், பின்னாளில் அக்கல்லூரியின் பெயரை இந்தியா முழுவதும் பேச வைத்தார். கல்லூரி மாணவருக்குப் பெயர் தருவது உண்மை. மாணவர் கல்லூரிக்குப் பெயர் தருவதும் அதே அளவு உண்மை.

அக்காவுக்கு நான்காவது முயற்சியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அவர் சான்றிதழைப் பார்க்குமுன் ஒரு கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னாராம். அதில் இரண்டு பிழைகளை அக்கா கண்டுபிடித்தாள். மூன்று ஆண்டுகள் கழித்து அவரே, "உங்கள் கல்லூரியில் படித்த பெண்கள் வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லம்மா" என்று கேட்டார். இன்று அந்த அலுவலகத்தில் அதே கல்லூரியின் மாணவியர் இருவர் பணிபுரிகின்றனர். அவர்களிடம் யாரும், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கவில்லை!

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தக் கான்வென்ட் சீருடையுடன் கடைக்குச் சென்றால் கடைக்காரர்கூட மரியாதையாகப் பேசுகிறார். எங்கள் தெருவில் நகராட்சிப் பள்ளியில் படிக்கும் என் தோழி கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்கும் மரியாதை நான் சம்பாதித்ததன்று. எனக்கு முன் இங்கே படித்த அக்காமார்கள் சேர்த்து வைத்தது. அக்காவின் கல்லூரியைக் கேட்ட அந்த அதிகாரியின் மீது கோபப்பட்ட நான், இந்தச் சலுகையைப் பேசாமல் அனுபவித்து வந்திருக்கிறேன்!

அன்புத் தோழியரே! இன்னும் இரண்டு ஆண்டுகளில் நாம் கல்லூரி வாசலில் நிற்போம். பெயர் பெற்ற கல்லூரி கிடைத்தால் செருக்கின்றி நன்றியுடன் நுழைவோம். சிறிய கல்லூரி கிடைத்தால் தலை குனியாமல் நுழைவோம். மணி கட்டாத யானையும் யானைதான். அது நடந்து சென்ற பாதையே அதன் வருகையை ஊருக்குச் சொல்லும்.