கூச்சம் காக்க வைத்த நோய்

மக்ரிப் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னும் அவன் மட்டும் தூணோரம் தயங்கி நின்றான். எங்கள் எம்.ரெட்டியபட்டியில் சிறுவயதில் என்னிடம் ஓதியவன். இப்போது பதினேழு வயது.

"ஹஜ்ரத், ஒரு விஷயம். அத்தாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்றான்.

சிறுவனாக இருந்தபோது அவனுடைய விதைகளுள் ஒன்று குளிர்காலத்தில் மேலேறும். பிறகு தானே இறங்கிவிடும். சில ஆண்டுகளாக அது இறங்கவே இல்லை. தொடை இடுக்கில் சிறு கட்டிபோல் தட்டுப்படுகிறது. "எனக்குத் திருமணம் ஆகுமா, ஹஜ்ரத்?" என்று கேட்கும்போது அவன் குரல் உடைந்தது.

குளிப்பின் கடமைகளையும் சுத்தத்தின் சட்டங்களையும் இருபது ஆண்டுகளாகக் கூச்சமின்றிக் கற்பித்து வருபவன் நான். ஆயினும் அன்று வாயடைத்துப் போனேன். கலைப்பட்டம் பெற்ற எனக்கு உடற்கூறு தெரியாது. "தெரிந்தவரிடம் போவோம்" என்று மட்டும் சொன்னேன். அவன் சம்மதத்தோடு அவன் அத்தாவிடம் பேசினேன். மூவருமாக அருப்புக்கோட்டை வழியே மதுரைக்குப் பேருந்து ஏறினோம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். விதைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகிப் பிறப்பதற்குள் பைக்கு இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100க்குச் சுமார் 3 பேருக்கு இது தாமதமாகிறது. ஆறு மாதத்திற்குள் இறங்காவிடில் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நலம். உயிரணு உற்பத்திக்கு உடற்சூட்டைவிட இரண்டு, மூன்று பாகை குறைந்த வெப்பம் தேவை. பை உடலுக்கு வெளியே அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

குளிரிலும் அச்சத்திலும் ஒரு தசை சுருங்கி விதையை மேலே இழுப்பது சிறுவர்களுக்கு இயல்பு. வெந்நீரில் குளிக்கும்போது இறங்கிப் பையிலேயே தங்குமானால் சிகிச்சை வேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை காட்டி வந்தால் போதும். பெரும்பாலும் பருவ வயதில் சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு அது மேலேயே நிலைத்துவிடுகிறது. அப்போது அறுவை சிகிச்சை வேண்டும். அலட்சியம் செய்தால் உற்பத்தி குன்றும். புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

அவனுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. விதையை இறக்கிப் பையில் நிலைநிறுத்தினார்கள். "முன்பே வந்திருக்கலாம். ஆனாலும் மற்றொன்று நலமாக இருக்கிறது. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் தந்தையாகிறார்கள்" என்றார் மருத்துவர். மாதமொருமுறை தானே தடவிப் பார்த்துக் கட்டி ஏதும் தென்பட்டால் உடனே வரவும் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் அவன் அத்தா சன்னலோரம் அமர்ந்து, "என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கலங்கினார். "கேட்டிருக்கக் கூடாதா?" என்று என் மனம் என்னையே கேட்டது. எனக்கும் ஒன்பது வயதில் மகன் இருக்கிறான். அன்றிரவே அவனைத் தனியே அழைத்துப் பக்குவமாகக் கேட்டேன். குளிரில் ஏறுகிறது, வெந்நீரில் இறங்குகிறது என்றான். மருத்துவரிடம் காட்டினேன். இயல்பானதே என்றார். அல்ஹம்துலில்லாஹ்!

பெற்றோரே, குழந்தையைக் குளிப்பாட்டும்போதே கவனியுங்கள். கத்னாவுக்கு முன் மருத்துவரை இதையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரெனக் கடும் வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்திற்குள் மருத்துவமனை சேருங்கள். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று கற்பிப்பவன் நான். அந்த வெட்கம் பிள்ளையின் வாயை அடைப்பதற்கு அல்ல.