பிரைவேட்டா, பொதுவா?

ஜெர்மனியில் டாக்டரைப் பார்க்க போன் செய்தால், என்ன வியாதி என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வரும். "நீங்க பிரைவேட்டா, பொதுவா?" இங்கே பத்துக்கு ஒன்பது பேர் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். பிஸ்மார்க் காலத்தில், 1883இல் ஆரம்பித்த ஏற்பாடு. அதை நடத்தும் அமைப்புக்கு 'கிராங்கன்கஸ்ஸே' என்று பெயர். புதிதாக வந்தவன் காதில் 'காசே' என்றுதான் விழும்! மிச்சமிருக்கும் சொச்சம் பேர் பிரைவேட். நான் அந்தச் சொச்சத்தில் ஒருவன்.

ஆசைப்பட்டுச் சேரவில்லை. மாணவர்களுக்கான பொதுக் காப்பீட்டுக்கு 30 வயது வரம்பு. வேலையை விட்டுவிட்டு நான் இங்கே படிக்க வந்தபோது 31 முடிந்திருந்தது. காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய முடியாது. எனவே பிரைவேட்.

போன ஜனவரியில் பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி கணுக்கால் போயிற்று. போனில் "பிரைவேட்" என்றதும் மறுநாள் காலையே எலும்பு டாக்டரிடம் இடம் கிடைத்தது. முழங்கால் வலியோடு இருந்த என் அறைத்தோழன் பொதுக் காப்பீட்டுக்காரன். அவனுக்குக் கொடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து. அவன் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் அவன் கார்டை நீட்டினால் போதும், பில் அவன் கண்ணிலேயே படாது. எனக்கோ மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது. டாக்டர் நினைத்த தொகையை எழுதிவிட முடியாது. 1982இல் போட்டு 1996இல் ஓரளவு திருத்திய ஒரு கட்டணப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை புள்ளி. சாதாரண ஆலோசனைக்கு 80 புள்ளி, அதாவது 4.66 யூரோ. அதை வழக்கமாக 2.3 ஆல் பெருக்குவார்கள், 10.72 ஆகிவிடும். எக்ஸ்ரே மாதிரி கருவி வேலைக்கு 1.8, லேப் டெஸ்டுக்கு 1.15. 2.3க்கு மேல் 3.5 வரை போகலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும். உங்கள் பாலிசி எத்தனை மடங்கு வரை தரும் என்று பாருங்கள். மலிவான பாலிசிகள் சில பாதியில் நின்றுவிடும், மீதி உங்கள் பாக்கெட்டிலிருந்து.

என் பில் மொத்தம் 187 யூரோ, 30 நாள் கெடு. கம்பெனிக்கு அனுப்பினேன். பணம் வரவில்லை, ஒரு படிவம் வந்தது. இதே காலில் முன்பு ஏதாவது தொந்தரவு இருந்ததா? மருத்துவ ரகசியத்தை எங்களிடம் சொல்ல டாக்டருக்கு அனுமதி தருகிறீர்களா? கையெழுத்துப் போடவும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கபடி ஆடி அதே கால் சுளுக்கியிருந்தது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இந்த வகை பாலிசிகளில் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று முத்திரை விழுந்தால் ஒரு பைசா வராது. மறைத்தது பிறகு தெரிந்தாலோ பாலிசியே போகும், அதோடு சேர்ந்து விசா நீட்டிப்பும் சிக்கலாகும். உள்ளதை எழுதினேன். இது புதிய எலும்பு முறிவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் ஆறு வாரத்தில் பணம் வந்தது. அதற்குள் பில்லைக் கட்ட வாடகைப் பணத்தில் கை வைத்தாயிற்று. (தவணை கேட்டால் கொடுப்பார்கள் என்று அறைத்தோழன் அப்புறம்தான் சொன்னான், மகராசன்.)

30 வயதுக்குள் வரும் நண்பர்களுக்கு ஏஜெண்டுகள் சொல்லும் வாசகம், "மாதம் எண்பது யூரோ மிச்சம்." பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் 2025இல் மாதம் 140 யூரோவை ஒட்டி இருந்தது, அதனால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு நீங்கள் கையெழுத்துப் போடும் விலக்கு விண்ணப்பத்துக்கு மூன்று மாதம்தான் கெடு, படிப்பு முடியும் வரை அதைத் திரும்பப் பெறவே முடியாது. நடுவில் சர்க்கரையோ தைராய்டோ வந்தாலும் அப்படியே கிடக்க வேண்டியதுதான். ஏஜெண்ட் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுவார், நீங்கள் புரட்ட விடாதீர்கள்.

எனக்கு இப்போது பிசியோதெரபி எழுதியிருக்கிறார்கள். அதற்கு அந்தப் புள்ளிப் பட்டியல் கிடையாது, கடைக்குக் கடை விலை. இந்தத் தடவை முதலிலேயே விலைச்சீட்டு வாங்கி கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.