நானூறு மில்லி

என் அப்பா உயிரோடு இருக்கிறார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் இன்று காலையும் உட்கார்ந்தார். இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் 2021 ஆவணியில் ஒரு நகைப் பட்டறையின் வாசலில் நின்றுகொண்டு, அவர் வைகாசியில் இறந்துபோனார் என்று நான் சொன்னேன். நானூறு மில்லி தங்கத்துக்காகச் சொன்னேன்.

2020இல் எங்கள் தெருவில் தறிச் சத்தம் அடங்கிப்போயிருந்தது. முகூர்த்தங்கள் நின்றன, நடந்த கல்யாணங்களும் ஐம்பது பேரோடு முடிந்தன. கடையில் புடவை தேங்கினால் முதலாளி பாவு தரமாட்டார். பாவு ஏறாத தறியில் நெசவாளிக்கு என்ன வேலை? அப்பா மட்டும் பழக்கம்போல் விடிந்ததும் தறிப் பள்ளத்தில் காலை இறக்கி உட்காருவார், அச்சைத் துடைப்பார், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வருவார். நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பள்ளத்தில் கால் வைத்தவர். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடாவை வாங்கித் தர பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவன் நான். பிறகு டிப்ளமோ படித்தேன், ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போனேன், ஊரடங்கில் அதுவும் போனது.

அந்த டிசம்பரில்தான் உத்திரமேரூர்ச் செய்தி வந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணிக்காகக் கருவறை முன்னால் இருந்த கல்படியைப் பெயர்த்தபோது அடியில் பொன் நகைகள் இருந்தன. அரைக் கிலோவுக்கு மேல். ஊர்க்காரர்கள் அதை அதிகாரிகளிடம் கொடுக்க மறுத்தார்கள். கும்பாபிஷேகம் ஆனதும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்றார்கள். பேசிப் பேசிக் கடைசியில் அது கருவூலத்துக்குப் போனது. அதே வருஷம் பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டும்போது ஒரு பாத்திரம் நிறையப் பொற்காசு கிடைத்திருந்தது. 505 காசுகள், 1.716 கிலோ. இந்த எண்களை நான் இன்றும் பார்க்காமல் சொல்வேன்.

"சாமி பொன்னு சாமிகிட்டயே இருக்கட்டும்" என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது எடை மட்டும்தான்.

இரவெல்லாம் போனில் ஆஸ்திரேலிய வீடியோக்கள் பார்த்தேன். தொப்பி போட்ட ஆட்கள் மெட்டல் டிடெக்டரைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே போவார்கள். பீப் என்றதும் குந்தித் தோண்டுவார்கள். உள்ளங்கையில் தங்கக் கட்டி. 1980இல் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் பக்கத்தில் கெவின் ஹில்லியர் என்பவர் இப்படித் தேடி 27 கிலோ எடையுள்ள ஒற்றைக் கட்டியை எடுத்தார். அது நடந்த கதை. தங்கம் ஓடிய வெண்பாறை அங்கே மேல்மட்டத்திலேயே சிதைந்து, கனமான துண்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழே தங்கிவிடுகின்றன. காஞ்சிபுரத்து மண்ணில் அப்படிப்பட்ட பாறை இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கு நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து கோலார் வழியாக வருகிறது; கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரியே பாலாற்று ஏரிதான்; அந்த ஆறு கொஞ்சமாவது தங்கத்தை அடித்துக்கொண்டு வந்திருக்காதா? தங்கவயலில் நம் வட ஆர்க்காட்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வெட்டியது எதற்காக என்று யோசித்திருந்தால் போதும். அந்தத் தங்கம் பாறைக்குள் பொடியாக இருந்தது. ஒரு டன் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்தால் சில கிராம் வரும். அதுவும் கட்டுப்படியாகாமல் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

மெட்டல் டிடெக்டர் மிஷினுக்கு 28,000 ரூபாய் கேட்டார்கள். கையில் ஒன்றும் இல்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஆயாவின் கூறைப்புடவை இருந்தது.

தாத்தா தன் கையால் நெய்து ஆயாவுக்குக் கட்டிய புடவை அது. அரக்கு உடல், பச்சைக் கரை, முந்தி முழுக்க ஜரிகை. "பழைய பட்டுப்புடவை வாங்கறது" என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறவர்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் வாங்குவது புடவையை அல்ல, ஜரிகையை. எரித்தால் பட்டு சாம்பலாகும், உலோகம் நிற்கும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோது ஜரிகையில் வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6 விழுக்காடு என்று கணக்குக் கொடுத்தார்கள். ஒரு மார்க் ஜரிகை 242 கிராம். அதில் தங்கம் ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளி 138 கிராம். இந்தக் கணக்கைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு போட்டேன். தாத்தா அந்த முந்திக்கு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த வேலையில் வளர்ந்தவன் நான். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வாங்குகிறவரைக் கூப்பிட்டேன். அவர் ஓர் இழையை உருவிக் கல்லில் உரசிப் பார்த்தார். "அந்தக் காலத்து சரக்கு" என்றார். பன்னிரண்டாயிரம் தந்தார். மீதியை நண்பனிடம் கடன் வாங்கினேன்.

பாலாற்றில், செவிலிமேடு பாலத்துக்குக் கீழே மாதக் கணக்கில் மிஷினோடு நடந்தேன். கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும்பி, திரும்ப ஒரு சின்னப் புலத்தை அனுப்பும். அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து மிஷின் ஓர் எண் காட்டும். இரும்புக்கு ஓர் எண், வெள்ளிக்கு ஓர் எண். சின்னத் தங்கத்துக்கும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளுக்கும் ஏறக்குறைய ஒரே எண். ஆகவே எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். தோண்டினேன். பீர் பாட்டில் மூடி, மணல் லாரியின் நட்டு, துரு ஆணி, அறுகோண அலுமினிய இருபது பைசா, எண்ணி முடியாத மாத்திரை அட்டைகள். வீட்டில் வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆறு தங்கம் தராது என்பது சித்திரைக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஓர் ஏமாளியின் கதையாகப் போயிருக்கும். நான் வேறு மாதிரி யோசித்தேன். மண்ணில் தங்கம் இல்லையென்றால், மனிதர்கள் தங்கத்தைத் தொலைக்கும் இடத்தில் தேட வேண்டும். ஆற்றங்கரையில் காரியம் செய்யும் துறைக்குப் போக ஆரம்பித்தேன்.

2021 வைகாசியிலும் ஆனியிலும் அங்கே ஓயாமல் ஆட்கள் வந்தார்கள். ஏன் என்று அந்த வருஷத்தைக் கடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன். இப்படி எழுதவே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். ஆடி முடிந்து, விடியற்காலையில், சாஸ்திரிகள் வருவதற்கு முன்னால் போய் வீசுவேன். ஆவணியில் ஒரு நாள் ஒரு சாண் ஆழத்தில் தாலிக் குண்டு ஒன்று கிடைத்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் துளைக்குள் மஞ்சள் கயிறு இரண்டு அங்குலம் இருந்தது. நனைந்திருந்தது. மஞ்சள் போகவில்லை.

கயிறு இல்லாமல் கிடைத்திருந்தால், யாருடையதோ, எந்தக் காலத்ததோ என்று நான் சொல்லிக்கொண்டிருக்கலாம். கயிறு இருந்தது. அறுத்தபோது உருண்டு விழுந்ததோ, கயிற்றோடு ஆற்றில் விட்டார்களோ, எப்படியானாலும் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு பெண் அந்த மணலில் உட்கார்ந்திருந்தாள். கரையில் காரியம் செய்துவைக்கிறவர்களிடம் விசாரித்தால் எந்த வீடு என்று தெரிந்திருக்கும். அவர்களுக்கு எல்லாக் குடும்பமும் தெரியும். கயிற்றை உருவி மணலில் போட்டேன். குண்டைச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் பட்டறைக்குப் போனேன்.

பெரியவர் ஒருவர் இருந்தார். குண்டை ஊதுகுழல் நெருப்பில் காட்டி உள்ளே இருந்த அரக்கை எடுத்தார். தராசில் வைத்தார்.

"நானூறு மில்லி இருக்கு. யாரோடதுப்பா?"

"அம்மாவோடதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பா எப்போ தவறினாரு?"

"வைகாசியில."

"இந்த வியாதியிலா?"

தலையாட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கழிவு எதுவும் பிடிக்காமல் 1,700 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். "அம்மாவைப் பாத்துக்கப்பா" என்றார். அவருக்கு நான் செய்தது தனிக் கணக்கு. அந்த வருஷம் அப்படி எத்தனை குண்டுகளை அவர் அனலில் காட்டியிருப்பாரோ. ஒவ்வொருவரிடமும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசியிருப்பார் போலத் தோன்றியது.

ஆயிரம் ரூபாயை அம்மாவிடம் கொடுத்து, ஒரு நாள் கூலி வேலை கிடைத்தது என்றேன். அதில் அரிசியும் பருப்பும் வந்தன. அப்பா சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பசியில் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ரேஷன் அரிசி இருந்தது. அரசு தந்த 4,000 ரூபாய் நிவாரணமும் வந்திருந்தது. தெருவில் எங்களைவிட மோசமாக இருந்த வீடுகளில் பிள்ளைகள் மூட்டை தூக்கினார்கள், மாஸ்க் தைத்தார்கள். நானும் போயிருக்கலாம். தறியில் உட்கார்ந்து ஒரு புடவையை முடிக்க வாரக் கணக்கில் ஆகிறது, அதே கையால் ஒரு நிமிஷத்தில் பொன் எடுத்துவிடலாம் என்ற ஆசைதான் என்னிடம் இருந்தது. அந்த ஆசைக்கு ஊரடங்கு ஒரு சாக்கு.

திருந்தி நிறுத்தினேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கப்புறமும் போனேன். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை, நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. துறை தண்ணீருக்குள் போனது. அதனால் நின்றேன். மிஷினை இன்னொருவருக்கு விற்றேன். உடைத்துப் போடவில்லை.

1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்தைப் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறைகூட உண்டு. படித்தபோது பயம் வந்தது. வெட்கம் வரவில்லை. அது வந்தது உத்திரமேரூரில்.

போன வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனவன், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நின்றேன். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, கி.பி. 919, 921. பள்ளிப் பாடத்தில் தேர்தல் என்று மட்டும் படித்திருக்கிறேன். யார் யார் வாரியத்துக்கு வரக்கூடாது என்ற பட்டியலில் பிறர் பொருளை அபகரித்தவனும் உண்டு என்று கூட இருந்தவர் சொன்னார். ஏரி வாரியம், தோட்ட வாரியம் போலப் பொன் வாரியமும் இருந்தது. அதே ஊரின் இன்னொரு கல்வெட்டில் பொன்னை மாற்று உரைத்துப் பார்க்கிறவர்களுக்கு விதி இருக்கிறது. உரைத்த பொன்துகள் ஒட்டிய மெழுகு உருண்டையை அவர்கள் வைத்துக்கொள்ளக்கூடாது, ஏரி வாரியத்துப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளுக்கும் ஊரில் ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார், அது ஏரி. 2020இல் கல்படிப் பொன்னைத் தரமாட்டோம் என்று கோயில் முன்னால் நின்றவர்களின் முகம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் யாரும் அதைத் தங்கள் வீட்டுக்குக் கேட்கவில்லை.

அந்த மண்டபத்தில் நின்றபோதும் வீட்டில் சொல்லும் தைரியம் வரவில்லை. இந்தத் தையில் தங்கைக்கு வளைகாப்பு. ஆயா புடவையைத் தங்கைக்குக் கட்டிவிட வேண்டும் என்று அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு துணியாக வெளியே வைத்து, அடிவரை போய், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். எலி இழுத்திருக்குமோ என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். புடவையைச் சொன்னேன். மிஷினைச் சொன்னேன். துறையையும் குண்டையும் கயிற்றையும் சொன்னேன். பட்டறையில் பெரியவர் கேட்டதையும் நான் பதில் சொன்னதையும், வைகாசி என்றதையும் சொன்னேன்.

பின்கட்டில் அப்பா தறியில் இருந்தார். இப்போது பாவு வருகிறது. நாடா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக் கயிற்றை வெளியே இழுத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, அப்பாவுக்குச் சோறு போட எழுந்து போனாள்.