பிந்தி வந்த பதில்

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் நான் என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். "ரிப்போர்ட் இன்னும் வரவில்லை" என்றேன். அந்த நிமிஷம் அது என் கையில்தான் இருந்தது.

அன்று காலை நாங்கள் இருவரும் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். முடிவைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் அதில் என் பெயரைத் தொட்டேன். ஒன்றும் வரவில்லை. பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது. சரி, அவளுடையதைப் பார்ப்போம் என்று அவள் பெயரைத் தொட்டேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தால், மேலே அவள் பெயர். கீழே சர்க்கரை 286!

இரவு அவள் பாலில் போட்டுக்கொண்ட சர்க்கரை ஒவ்வொரு கரண்டியும் என் நெஞ்சில் விழுந்தது. தூக்கம் எங்கே வரும்?

மறுநாள் என் தமக்கை மகன் வந்தான். கைபேசிச் செயலிகள் எழுதுவதுதான் அவனுக்கு உத்தியோகம். ரகசியமாக அவனிடம் காட்டினேன்.

"மாமா, முதலில் உங்கள் பெயரைத் தொட்டீர்களோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். "இரண்டு கேள்வி போயிருக்கிறது. கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாமியின் பதில் முந்தி வந்தது. உங்கள் பதில் பிந்தி வந்து, அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது."

"முதல் பதில் வரும் வரையில் செயலி பேசாமல் காத்திருந்தால் என்னடா?"

"திரையை வரைவதும், உங்கள் விரலைக் கவனிப்பதும் உள்ளே ஒரே ஆள்தான். மெயின் திரெட் என்று பெயர். அவனே தபாலுக்காக வாசலில் நின்றுவிட்டால் கடையில் வியாபாரம் நடக்குமா? தொட்டு 5 விநாடி அசையாவிட்டால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்று ஆண்ட்ராய்டே சொல்லிவிடும். 2011-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, அதற்கென்று எழுதிய செயலியில் அந்த ஆள் நேரே வலைக்குப் போனால் பிழை என்று தடுத்துவிடுகிறது. ஆகவே, கேள்வியை வேறொருவனிடம் கொடுத்தனுப்பி, பதில் வந்ததும் இன்னது செய் என்று சொல்லிவைக்கிறோம்."

ஸ்விஃப்ட் மொழியில் 2021-இல் 'அவெயிட்' என்ற சொல் வந்ததாம். மேலிருந்து கீழே கதை மாதிரி வரிசையாக எழுதலாமாம். "ஆனால் வரிசை எழுத்தில்தான், மாமா. இரண்டு கேள்வி போனால் எது முந்தும் என்று அப்போதும் சொல்ல முடியாது" என்றான்.

"பின்னே பரிகாரம்?"

"புதிய கேள்வி புறப்படும்போது பழையதை ரத்துச் செய்ய வேண்டும். அல்லது, வந்த பதில் இப்போது திரையில் இருக்கிற பெயருக்கு உரியதுதானா என்று பார்த்துவிட்டு உள்ளே விட வேண்டும். ஒரே ஒரு வரி! அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்."

அந்த ஒரு வரிக்காக நான் ஓர் இரவு விழித்திருந்தேன்.

செயலியை மூடித் திறந்து அவள் பெயரை மட்டும் தொட்டுக் காத்திருந்தான். 94. எனக்கு உயிர் வந்தது. அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். அவன் மட்டும் ஏனோ சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 286 யாருடையது என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. எல்லாவற்றிலும் பிந்தி வந்த பதில் அதுதான்.

மனைவி காபியுடன் வந்தாள். "ரிப்போர்ட் வந்துவிட்டதா?" என்றாள்.

"வந்துவிட்டது. உனக்கு ஒன்றுமில்லை" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேறு டம்ளர் வர வெகு நேரமாயிற்று. அதில் சர்க்கரை இல்லை.