மூச்சுக்குத் தக்கபடி

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைக்கு வழி கேட்கத் தேவையில்லை, கிரைண்டர் சத்தமே கொண்டுபோய் விட்டுவிடும். நான் போனபோது ஒரு நந்தியின் முதுகை இழைத்துக்கொண்டிருந்தார்கள். புருவத்திலும் காது மடலிலும் டீ கிளாஸின் விளிம்பிலும் வெண்தூசி. முகத்தைச் சுற்றி ஆளுக்கொரு துண்டு.

ஓரமாக உட்கார்ந்து அம்மன் சிலைக்குக் கண் திறந்துகொண்டிருந்த மூத்த சிற்பியிடம், "இருமல் உண்டா ஐயா?" என்றேன்.

"கல்லு வேலைன்னா இருமாம எப்படி தம்பி?"

அந்தக் கேள்வியால் பயனில்லை. அதனால், முன்பு செய்து இப்போது விட்டுவிட்டது என்னென்ன என்று கேட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். சைக்கிளை விட்டாயிற்று. கடற்கரைக் கோயில் வரை காலையில் நடப்பதும் நின்றுபோயிற்று. மாடியில் இருந்த படுக்கை கீழே வந்துவிட்டது. பெரிய சிலைகளை மகன் பார்த்துக்கொள்கிறார். "வயசாச்சுல்ல?" என்றார்.

வயது மட்டும்தான் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. மூச்சுக்குத் தக்கபடி மனிதர் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறார். சுருக்கிய பிறகு இளைப்பு தெரிவதில்லை, ஆகவே நோயில்லை என்றே நம்புகிறார். சமதளத்தில் சம வயதுக்காரரோடு ஈடுகொடுத்து நடக்க முடிகிறதா, 100 மீட்டர் போனதும் நிற்க வேண்டியிருக்கிறதா, சட்டை மாட்டும்போதே மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் மருத்துவர்கள் கேட்பது அதனால்தான்.

கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. புருவத்தில் படியும் தூசியைவிட, கண்ணுக்கே தெரியாத பொடிதான் ஆபத்து. துண்டைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, தழும்பாக இறுகும். அந்தத் தழும்பை மாற்ற மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம். சிலிகோசிஸ் எனப்படும் இந்த நோய் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு வரும். தூசி மிகுந்தால் அதற்கு முன்பே வந்துவிடும். உளி மட்டுமே பிடித்த தாத்தா எழுபதிலும் திடமாக இருந்தார் என்று இங்குள்ள இளைஞர்கள் தைரியம் கொள்கிறார்கள். தாத்தா கிரைண்டர் பிடிக்கவில்லையே!

இளைஞர் ஒருவர் டிபி மாத்திரை சாப்பிட்டு முடித்தவர். இருமலும் எடை குறைவும் இன்னும் போகவில்லை. டிபியைச் சந்தேகித்தது தவறில்லை, சிலிக்கா தங்கிய நுரையீரலில் அது எளிதில் தொற்றும். ஆனால் என்ன வேலை செய்கிறாய் என்று அவரை யாரும் கேட்கவில்லையாம். நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே எழுதினார். கல் தச்சர்களின் இருமலும் அவர் நூலில் உண்டு. மனம் பொறுக்கவில்லை எனக்கு.

வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் தூசி வெகுவாக அடங்கும். ஆனால் கையில் இருப்பது கரண்டில் ஓடும் மெஷின். ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறார்கள், நியாயமான பயம். ஈரத்தில் பயன்படுத்தவென்றே செய்த மெஷினை வாங்க உதவி வேண்டும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசமும் வேண்டும்.

மகன் வாசல்வரை வந்தார். அப்பாவைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மார்பு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்யச் சொன்னேன். எத்தனை வருஷம் கல் வேலை, எப்போதிலிருந்து கிரைண்டர் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே நீட்டுங்கள் என்றேன்.

"அப்ப நானும் எடுத்துப் பார்த்துடறேன் சார்," என்றார்.